கார்புரேட்டர் மாருதி 800-ஐ இ20 பெட்ரோலுக்கு ட்யூன் செய்தல்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வண்டி 1990-களில் வந்த கார்புரேட்டர் மாருதி 800. எஃப்8பி எஞ்சின், மூன்று சிலிண்டர், போர் 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் 72 மி.மீ., மொத்தம் 796 சிசி, கம்ப்ரஷன் 8.7:1. மிகுனி-சோலெக்ஸ் வகை இரட்டை பேரல் கார்புரேட்டர், கேம் ஷாஃப்ட்டால் இயங்கும் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப், கையால் இழுக்கும் சோக். ஆக்சிஜன் சென்சாரும் கிடையாது, எரிபொருளைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவும் கிடையாது. எரிபொருள் இ20-க்கு, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, மாறியதை இந்த எஞ்சினுக்குச் சொல்ல ஆளே இல்லை. அதனால்தான் எத்தனால் என்ன செய்கிறது என்பது இதில் ஒளிவுமறைவின்றித் தெரிகிறது.

இந்த வண்டிகளில் வரும் புகார்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். காலையில் சோக்கை உள்ளே தள்ளியதும் எஞ்சின் அணைந்துவிடுகிறது. சிக்னலில் ஐடிலிங் நிற்பதில்லை. ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஒரு நொடி தயங்கிவிட்டுப் பிறகுதான் பிக்கப் எடுக்கிறது. 50 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது லேசாக வெட்டி வெட்டி ஓடுகிறது. வெயிலில் அரை மணி நேரம் நிறுத்தி எடுத்தால் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. மைலேஜ் குறைந்துவிட்டது. பட்டறையில் பிளக் மாற்றி, பாயிண்ட் மாற்றி, கார்புரேட்டரைக் கழுவி மாட்டிய பிறகும் குறை அப்படியே இருக்கிறது.

இந்தப் பட்டியலில் வெயிலில் ஸ்டார்ட் ஆகாதது சூட்டுக் கோளாறு. மைலேஜ் குறைவது எரிபொருளின் இயல்பு, அதில் ஒரு பகுதியைத்தான் மீட்க முடியும். மற்ற எல்லாம் கலவை லீன் ஆனதால், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாததால், வருபவை, அவற்றை முழுமையாகச் சரிசெய்யலாம். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் கை வைத்தால் காசும் நேரமும்தான் வீணாகும்.

லீன்தானா என்று தெரிந்துகொள்ளக் கருவி எதுவும் வேண்டியதில்லை. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, வெட்டி ஓடும் அதே வேகத்தில் சோக் குமிழைக் கொஞ்சமாக இழுத்துப் பாருங்கள். வெட்டல் நின்று இழுவை கூடினால் கலவையில் பெட்ரோல் போதவில்லை. மேலும் மோசமானால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

கணக்கு

எத்தனால் கலந்த பெட்ரோல் நமக்குப் புதிதல்ல. 2003 ஜனவரியில் 5 சதவீதக் கலப்புடன் திட்டம் தொடங்கியது. இ20 விற்பனை 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் தொடங்கிவைக்கப்பட்டது, 2025-க்குள் நாடு முழுக்கப் பெட்ரோல் பங்க்குகளில் அதுவே சாதாரண பெட்ரோல் ஆகிவிட்டது. மாருதி 800-இன் ஜெட்டுகள், அதாவது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைத் திருகுகள், எத்தனாலே இல்லாத பெட்ரோலுக்காக அளவெடுக்கப்பட்டவை.

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலின் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதற்கு 9 கிலோ காற்று போதும். பெட்ரோலின் அடர்த்தியை 0.745, எத்தனாலுடையதை 0.789 என்று வைத்தால், கொள்ளளவில் 20 சதவீதம் என்பது எடையில் ஏறத்தாழ 21 சதவீதம். இ20-க்கான காற்று விகிதம் 13.5 என்று வருகிறது. அதாவது எஞ்சின் இழுக்கும் அதே காற்றுக்கு எடையில் சுமார் 8.8 சதவீதம் கூடுதல் எரிபொருள் தேவை. அடர்த்தி சற்றுக் கூடுவதால் பழைய ஜெட் வழியாகவே 0.6 சதவீதம் அதிகமாகப் போய்விடும். மீதி 8 சதவீதப் பற்றாக்குறை அப்படியே நிற்கிறது.

இதை லாம்ப்டா கணக்கில் பார்ப்பது நல்லது. லாம்ப்டா 1 என்றால் காற்றும் எரிபொருளும் மிகச் சரியான அளவில் இருக்கின்றன, 1-க்கு மேல் போனால் லீன். பழைய பெட்ரோலில் 1.00 இருந்த இடம் இ20-இல் 1.08 ஆகிறது. மைலேஜுக்காகக் கம்பெனியே 1.05 அளவில் வைத்திருந்த மிதவேகப் பகுதி 1.13-ஐத் தாண்டுகிறது. கார்புரேட்டர் எஞ்சினில் மூன்று சிலிண்டர்களுக்கும் கலவை சமமாகப் போவதில்லை. சராசரி 1.13 என்றால் ஏதோ ஒரு சிலிண்டர் அதைவிட லீனாக ஓடி மிஸ்ஸாகும். வெட்டல் வருவது அங்கேதான்.

முதலில் எத்தனால் எவ்வளவு என்று அளக்க வேண்டும்

ஜெட் வாங்குவதற்கு முன் டேங்கில் இருப்பதை அளந்துவிடுங்கள். 100 மி.லி. கோடுகள் உள்ள மூடியுடன் கூடிய கண்ணாடி உருளை ஒன்று போதும், ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். 10 மி.லி. தண்ணீர், அதன்மேல் 90 மி.லி. பெட்ரோல். மூடி, ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கி, நடுவே ஒருமுறை மூடியைத் தளர்த்தி ஆவியை வெளியே விட்டு, பத்து நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கும். பிரிகோடு தெளிவாகத் தெரியும். அடி அடுக்கு 28 மி.லி.-இல் நின்றால் தண்ணீர் 10 போக எத்தனால் 18. 90-இல் 18 என்றால் 20 சதவீதம். கொஞ்சம் எத்தனால் மேலேயே தங்கிவிடும் என்பதால் அளவு சற்றுக் குறைவாகவே காட்டும். நெருப்பு, பீடி, சுவிட்ச் எதுவும் அருகில் இல்லாத திறந்த இடத்தில் செய்ய வேண்டிய வேலை இது.

இதே முறையில் தண்ணீர் விட்டு எத்தனாலைப் பிரித்தெடுத்துவிட்டு, மேலே நிற்கும் பெட்ரோலை வண்டியில் ஊற்றலாம் என்று ஒரு யோசனை உலவுகிறது. அது வேண்டவே வேண்டாம். எத்தனால் தந்த ஆக்டேன் அதோடு போய்விடும், பெட்ரோலில் தண்ணீர் தங்கும், ஆவி பறக்கும் பெட்ரோலை லிட்டர் கணக்கில் வீட்டில் குலுக்குவது உயிருக்கே ஆபத்து.

ஜெட்டைத் தொடும் முன் ரப்பர்

இந்த வேலையில் அதிகம் தவிர்க்கப்படும் பகுதியும் மிக முக்கியமான பகுதியும் இதுதான். முப்பது வருட நைட்ரைல் ரப்பர் எத்தனாலில் ஊறினால் ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். லீன் என்று நினைத்துப் பெரிய ஜெட் போட்ட பிறகு, உண்மையில் கிழிந்த டயாஃப்ரம்தான் காரணம் என்று தெரிந்தால் செய்த வேலை எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து.

டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரையிலும் ரிட்டர்ன் லைனிலும் உள்ள எல்லா ரப்பர் ஹோஸையும் மாற்றுங்கள். வாங்கும்போது ஹோஸின் மேலேயே எஸ்ஏஈ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள், அதன் உள்பூச்சு வைட்டான் வகை ரப்பர். பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்தால் எரிபொருள் வெளியேயும் ஒழுகலாம், எஞ்சின் ஆயிலுக்குள்ளும் இறங்கலாம். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை வந்தால் பம்பையும் ஆயிலையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கார்புரேட்டருக்குள் நீடில் வால்வின் ரப்பர் நுனி, ஆக்சிலரேட்டர் பம்ப் டயாஃப்ரம், ஓ-ரிங்குகள், கேஸ்கெட்டுகள் எல்லாம் ஒரே கிட்டில் வரும். எத்தனாலுக்கு ஏற்றது என்று கடைக்காரர் உறுதி சொல்லும் கிட்டையே வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் பழைய நுனி ஒன்றையும் புதிய நுனி ஒன்றையும் பங்க் பெட்ரோலில் மூன்று நாள் ஊறவைத்து விட்டத்தை அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான ஃப்ளோட்டைக் கையில் எடுத்துக் காதருகே குலுக்குங்கள். உள்ளே திரவம் ஆடினால் அது மூழ்கும் ஃப்ளோட், பெட்ரோல் மட்டம் தப்பாகிக் கலவை ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் மிகுந்துவிடும்.

எத்தனால் நல்ல கரைப்பான். டேங்கின் அடியில் வருடக்கணக்கில் ஒட்டியிருந்த பிசினையும் துருவையும் அது கிளப்பிவிடும். டேங்கை முழுக்க வடித்து, புது ஃபில்டர் போட்டு, 500 கி.மீ. ஓடியதும் அந்தப் புது ஃபில்டரையும் மாற்றுவது கட்டாயம். ஐடில் ஜெட்டின் துளை மெயின் ஜெட்டில் பாதிகூட இருக்காது, முதலில் அடைபடுவது அதுதான்.

கடைசியாகக் காற்றுக் கசிவு. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது கார்புரேட்டர் அடி கேஸ்கெட், மேனிஃபோல்ட் இணைப்பு, வேக்யூம் ஹோஸ்கள் ஆகிய இடங்களில் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். ஐடிலிங் மாறினால் அங்கே கசிவு இருக்கிறது. கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்துப் பார்ப்பவர்களும் உண்டு, சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருப்பதால் சோப்புத் தண்ணீரே பாதுகாப்பு.

ஜெட்

8 சதவீதம் அதிகம் பாய வேண்டும் என்றால் துளையின் பரப்பு 8 சதவீதம் கூட வேண்டும். விட்டத்தில் அது வெறும் 4 சதவீதம். 1.00 மி.மீ. ஜெட்டில் 0.04 மி.மீ., தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. எனவே துரப்பணம், கம்பி, ஊசி எதையும் ஜெட்டுக்குள் விடாதீர்கள். துளையின் ஓரம் சிதைந்தால் அளவு சரியாக இருந்தாலும் பாய்வு மாறிவிடும். அளவு அச்சிட்ட ஜெட்டையே வாங்க வேண்டும்.

சோலெக்ஸ் குடும்பத்தில் ஜெட்டின் மேலுள்ள எண் பொதுவாக விட்டத்தை நூறில் ஒரு பங்கு மி.மீ. கணக்கில் சொல்லும், 100 என்றால் 1.00 மி.மீ. சில ஜெட்டுகளில் எண் பாயும் அளவைக் குறிக்கும், அவற்றில் எண்ணையே 8 சதவீதம் கூட்ட வேண்டும். இரண்டில் எது என்று அளவு ஊசி வைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கார்புரேட்டரில் இப்போது இருக்கும் ஜெட் கம்பெனி ஜெட்தானா என்பதையும் பாருங்கள். மைலேஜ் கூடும் என்று யாரோ சிறிய ஜெட் மாட்டிவிட்டுப் போன வண்டிகள் நிறைய உண்டு, அவற்றுக்கு இ20 இரண்டாவது அடி.

பழைய ஜெட் 100 என்று எடுத்துக்கொண்டால் கடையில் கிடைக்கும் அடுத்த அளவுகள் 102.5, 105. 102.5 போட்டால் பரப்பு 5 சதவீதம் கூடும், 1.08 ஆன லாம்ப்டா 1.03-க்கு இறங்கும். 105 போட்டால் பரப்பு 10 சதவீதம் கூடி 0.98 ஆகும். எப்போதும் வேலை செய்யும் பிரைமரி பேரலில் முதலில் 102.5 போட்டு அளந்து பார்ப்பதே சரி. அன்றாட ஓட்டம் முழுக்கப் பிரைமரியில்தான் நடக்கிறது, தேவைக்கு மேல் ரிச் ஆக்கினால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பெட்ரோல் வீணாகும். ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிக்கும்போது மட்டும் திறக்கும் செகண்டரி பேரலில் நேராக விட்டத்தில் 5 சதவீதம் பெரிய ஜெட்டுக்குப் போய்விடலாம். முழு ஆக்சிலேட்டரில் பழைய பெட்ரோலில் 0.90 இருந்த லாம்ப்டா, ஜெட் மாற்றாமல் விட்டால் 0.97 ஆகிறது. மலை ஏறும்போதும் நெடுஞ்சாலையில் நான்கு பேரோடு போகும்போதும் எக்ஸாஸ்ட் வால்வைச் சுடுவது இந்த இடம். அங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது.

ஃப்ளோட் மட்டத்தை மேனுவலில் உள்ள அளவிலேயே வையுங்கள். மட்டத்தை உயர்த்தி ரிச் ஆக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. வளைவிலும் பிரேக்கிலும் பெட்ரோல் வழிவதற்கும், சூட்டில் பொங்குவதற்கும் அதுவே காரணமாகிவிடும்.

ஐடிலுக்கு மிக்சர் ஸ்க்ரூவே பெரும்பாலும் போதும். எஞ்சின் முழுச் சூட்டில், மின்விளக்குகள் அணைந்திருக்க, 850 ஆர்பிஎம் அளவில் வைத்து ஸ்க்ரூவைக் கால் சுற்று கால் சுற்றாகத் திறந்து, வேகம் அதிகபட்சம் வரும் இடத்தைப் பிடியுங்கள். ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறைத்து மறுபடியும் அதையே செய்ய வேண்டும். ஸ்க்ரூவை எவ்வளவு திறந்தாலும் வேகம் கூடிக்கொண்டே போனால் ஐடில் ஜெட் சிறியது அல்லது அடைந்திருக்கிறது. புகைப் பரிசோதனை மையத்தின் கருவி இங்கே நல்ல துணை. பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய நான்கு சக்கர வண்டிக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு வரம்பு 3 சதவீதம். 1 முதல் 1.5 சதவீதத்துக்குள் நிற்கவைத்தால் ஐடிலிங்கும் உறுதி, சான்றிதழும் உறுதி. கார்பன் மோனாக்சைடு அரை சதவீதத்துக்குக் கீழ் இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறினால் லீன் மிஸ்ஸிங் நடக்கிறது.

மிதித்ததும் வரும் தயக்கத்துக்கு ஆக்சிலரேட்டர் பம்பைப் பார்க்க வேண்டும். எஞ்சினை அணைத்து, மேலிருந்து வெளிச்சம் அடித்து, த்ராட்டிலைத் திறந்தால் பீச்சல் அந்தக் கணமே வர வேண்டும், மெல்லிய நேர்க்கோடாக வர வேண்டும். கால் பங்கு திறந்த பிறகுதான் வருகிறது என்றால் லிங்க்கில் ஆட்டம் இருக்கிறது. பீச்சல் சரியாக இருந்தும் தயக்கம் இருந்தால் பிரைமரி ஜெட் இன்னும் சிறியது.

அளவிடுதல்

எக்ஸாஸ்ட் புகையிலிருந்து லாம்ப்டாவை அளக்கும் வைட்பேண்ட் மீட்டர் இருந்தால் வேலை பாதியாகும். எக்ஸாஸ்ட் பைப்பில், மேனிஃபோல்டிலிருந்து ஓரிரு அடி தள்ளி, 18 மி.மீ. மரை உள்ள வளையத்தை வெல்டு செய்து, சென்சாரின் வால் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி மாட்டுங்கள். அடியில் மாட்டினால் ஈரம் சேர்ந்து சென்சார் உடையும். மீட்டரை லாம்ப்டா காட்டும்படி வைத்துவிட வேண்டும். 14.7 என்று காட்டும் மீட்டர் பெட்ரோல் கணக்கில் பெருக்கிச் சொல்கிறது. அதில் 13.5 தெரிய வேண்டும் என்று துரத்திப் போனால் உண்மையில் லாம்ப்டா 0.92-க்கு ரிச் ஆக்கிவிடுவீர்கள். இ20 ட்யூனிங்கில் அடிக்கடி நடக்கும் தவறு இது.

சமமான சாலையில் டாப் கியரில் 50 கி.மீ. சீரான வேகத்தில் 1.00 முதல் 1.03, மூன்றாம் கியரில் முழு ஆக்சிலேட்டரில் 0.87 முதல் 0.90, ஐடிலில் 0.95-ஐ ஒட்டி. இவை வந்தால் ஜெட் வேலை முடிந்தது. பிளக் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். எத்தனால் கரி குறைவாகத் தருவதால் கலவை சரியாக இருக்கும்போதும் பிளக் வெளுப்பாகவே தெரியும். வெளுப்பைப் பார்த்துப் பயந்து ஜெட்டைக் கூட்டிக்கொண்டே போனால் முடிவு கிடையாது.

டைமிங்

கலவை சரியான பிறகே டைமிங், அதாவது பிளக் பொறி விடும் நேரம். லீன் கலவை மெதுவாக எரியும். அந்த நிலையில் டைமிங்கைக் கூட்டி வைத்தால் பிறகு ஜெட் மாற்றியதும் அது அதிகமாகிவிடும்.

1990-களில் இங்கே கிடைத்த சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் 87. இப்போதைய பெட்ரோல் எத்தனால் சேரும்போது 95 வரை போகிறது. 8.7 கம்ப்ரஷன் எஞ்சினுக்கு இது தேவைக்கும் மேல். கம்பெனி அளவான 10 டிகிரியை 12 ஆக்கி ஓட்டிப் பாருங்கள், இழுவை கூடினால் 13, 14 வரை போகலாம். வேக்யூம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலில், டைமிங் லைட் பிடித்து வைக்க வேண்டும். பாயிண்ட் வகை டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் பாயிண்ட் இடைவெளியை முதலில் சரிசெய்யுங்கள், அது மாறினால் டைமிங்கும் மாறும். நாக்கிங் கேட்கும்வரை கூட்டி, பிறகு கொஞ்சம் குறைக்கும் பழைய வழி இங்கே உதவாது. இந்த ஆக்டேனில் நாக்கிங் கேட்கும் முன்பே டைமிங் அளவு தாண்டி, இழுவை குறையத் தொடங்கியிருக்கும்.

சூடும் குளிரும்

எத்தனால் ஆவியாகப் பெட்ரோலைவிட இரு மடங்குக்கும் மேல் வெப்பம் வேண்டும். அதே அளவு காற்றுக்கான இ20 கலவையை ஆவியாக்க மொத்தத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதல் வெப்பம் தேவைப்படுகிறது. மாருதி 800-இல் அந்த வெப்பத்தைக் கூலன்ட்தான் மேனிஃபோல்டுக்குக் கொண்டுவருகிறது. ஓவர்ஹீட் ஆகிறது என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்த வண்டியில் எஞ்சின் சூடேறவே நேரம் பிடிக்கும். மேனிஃபோல்ட் சுவரில் எரிபொருள் திவலையாக நின்று, எந்த ஜெட் போட்டாலும் காலையில் தடுமாறும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இது அப்பட்டமாகத் தெரியும். சரியான தெர்மோஸ்டாட்டை மாட்டாமல் ட்யூனிங் தொடங்குவதில் பொருளில்லை.

வெயில் கோளாறு இதற்கு நேர்மாறு. எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும், பெட்ரோலோடு கலந்தால் அதற்கும் கீழேயே கணிசமான பகுதி ஆவியாகிவிடும். எஞ்சினை அணைத்ததும் மேலேறும் சூட்டில் ஃப்ளோட் கிண்ணம் கொதித்து மேனிஃபோல்டுக்குள் வழிகிறது, பம்ப் லைனில் ஆவி அடைக்கிறது. கார்புரேட்டருக்கு அடியில் உள்ள வெப்பத்தடைத் தகடு உடையாமல் இருக்கிறதா, எக்ஸாஸ்ட் மேலுள்ள தகரக் கவசம் இருக்கிறதா, ஹோஸ் எஞ்சினை உரசாமல் போகிறதா, ரிட்டர்ன் லைன் அடைபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சூட்டில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் ஆக்சிலேட்டரைப் பம்ப் செய்யாமல், முழுக்க மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். தேங்கிய ஆவி வெளியேறியதும் பிடித்துக்கொள்ளும்.

மைலேஜ் எவ்வளவு திரும்பும்

லிட்டருக்குப் பெட்ரோல் 32 மெகாஜூல், எத்தனால் 21 மெகாஜூல் என்ற அளவில் வெப்பம் தருகின்றன. இ20-இல் அது 30-க்குச் சற்றுக் கீழே வருகிறது, சுமார் 7 சதவீதக் குறைவு. பழைய வடிவமைப்புக் கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையும் சொன்னது. லிட்டருக்கு 18 கி.மீ. கொடுத்த வண்டி ஒழுங்காக ட்யூன் செய்த பிறகு 17-ஐ ஒட்டி நிற்கும், டைமிங் திருத்தம் அதில் கொஞ்சம் மீட்டுத்தரும். 14-க்கு விழுந்திருந்தால் அதற்கு எத்தனால் மட்டும் காரணமல்ல. இழுவை இல்லாததால் ஆக்சிலேட்டரை அழுத்தி அழுத்தி, செகண்டரி தேவையில்லாமல் திறந்து போன பெட்ரோல் அது. அந்த இழப்பு ட்யூனிங்கில் முழுதாகத் திரும்பும்.

கார்புரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டர்கள் பெட்ரோலைப் பீச்சும் எம்பிஎஃப்ஐ வண்டிகளில் இந்த ஜெட் வேலை இல்லை. ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து ஈசியூவே இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்துவைக்கும். ஸ்கேனரில் நீண்டகால எரிபொருள் திருத்தம் கூட்டல் 7, 8 என்று காட்டினால் அது எத்தனாலின் பங்கு. 15-க்கு மேல் போனால் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர், காற்றுக் கசிவு ஆகியவற்றில் ஒன்றைத் தேட வேண்டும்.

நிறுத்தி வைக்கும் வண்டி

வாரம் ஒருமுறை மட்டும் ஓடும் வண்டிக்கு மிகப் பெரிய எதிரி தண்ணீர். இ10 லிட்டருக்குச் சுமார் 5 மி.லி. தண்ணீரைக் கரைத்து வைத்திருக்கும், இ20 அதைவிடச் சற்று அதிகம் தாங்கும். அந்த அளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டேங்கின் அடியில் தனி அடுக்காக இறங்கும். பெட்ரோல் எடுக்கும் குழாயின் வாய் அங்கேதான் இருக்கிறது. இவ்வளவு தண்ணீர் காற்றின் ஈரத்திலிருந்து எளிதில் வந்துவிடாது, பெரும்பாலும் கெட்டுப்போன மூடி ரப்பர் வழியாக மழையிலும் வாட்டர் சர்வீஸிலும்தான் இறங்கும். மூடி ரப்பரை மாற்றுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை நிரப்பி, பம்ப்புக்கு முன்னால் ஹோஸைக் கிளிப்பால் நெரித்து, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டுக் கிண்ணத்தைக் காலி செய்துவிட வேண்டும். கிண்ணத்தில் தங்கும் இ20 துத்தநாகக் கலவை உடலை அரித்து வெள்ளைப் பொடியாகப் படியும்.

ட்யூனிங் முடிந்து 1000 கி.மீ. ஓடியதும் கார்புரேட்டர் மேல்மூடியைத் திறந்து அந்த வெள்ளைப் பொடி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டேங்கில் தண்ணீர் இருக்கிறது, வடித்தாக வேண்டும். நீடில் வால்வு நுனியை விரலால் அழுத்திப் பாருங்கள், ஊதியிருந்தால் அந்தக் கிட் எத்தனாலுக்கானது அல்ல. ஹோஸ் கிளாம்ப் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கி, மிக்சர் ஸ்க்ரூவை மறுபடியும் சூட்டில் சரிபார்த்து மூடிவிடலாம்.